காய்ச்சல் இல்லை என்றேன்

என் மருந்துக்கடை இழுப்பறையில் பழைய பாதரசத் தெர்மாமீட்டர் ஒன்று கிடக்கிறது. இதை விற்கவும் முடியாது, தூக்கி எறியவும் மனம் வரவில்லை. பதினான்கு வருடங்களுக்கு முன் என் மூத்த மகனின் அக்குளில் வைத்துப் பார்த்தது இதைத்தான். அவன் பிறந்து அன்று ஆறாம் நாள்.

எங்கள் பகுதிக்கு அப்போது கிராம சுகாதாரச் செவிலியராக இருந்தவரை நர்சம்மா என்போம். பிள்ளை பெற்ற வீடுகளுக்கு நடந்தே வருவார். அன்று வந்தவர் குழந்தையின் உள்ளங்காலைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். காலையிலிருந்து சரியாகப் பால் குடிக்கவில்லை, தூங்கிக்கொண்டே இருக்கிறான் என்று மனைவி சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. "தம்பி, இப்பவே தர்மபுரிக்குத் தூக்கிட்டுப் போங்க. கிருமி ரத்தத்துல ஏறியிருக்கும்னு பயமா இருக்குது" என்றார். நான் சும்மா இருப்பேனா? பென்னாகரத்தில் பாதிப் பேருக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவன் ஆயிற்றே! தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு அவர் கண்ணுக்கு நேரே நீட்டினேன். "தொண்ணூத்தாறுதாங்க. காய்ச்சலே இல்ல, அப்புறம் என்னங்க கிருமி?"

"அதுதான் தம்பி பயமே. காய்ச்சலடிச்சுச் சண்டை போட நம்ம உடம்புக்குத் தெரியும். பச்சப்புள்ளைக்கு இன்னும் தெரியாது. சில்லுனு ஆயிடும், பால் குடிக்காது, அவ்வளவுதான் காட்டும்." கிளம்புவதற்குள் மூன்று முறை சொன்னார். "பாக்கலாங்க" என்று அனுப்பிவைத்தேன். இந்தம்மாவுக்கு எதற்கெடுத்தாலும் பெரியாஸ்பத்திரிதான் என்று சிரிக்க வேறு செய்தேன். மனைவி என்னை நம்பினாள். மறுநாள் விடியும்போது குழந்தை முனக ஆரம்பித்திருந்தான். தூக்கிக்கொண்டு ஓடினோம். மருந்து ஏற்றினார்கள், மூச்சுக்குக் குழாய் வைத்தார்கள். இரண்டு நாள்தான் இருந்தான்.

அதோடு நின்றிருந்தால், தெரியாமல் செய்துவிட்டேன் என்று என்னை நானே தேற்றிக்கொண்டிருப்பேன். குழந்தை எப்படி இறந்தது என்று விசாரிக்க அதிகாரிகள் வீட்டுக்கு வந்தார்கள். மனைவி அப்போது தாய்வீட்டில் இருந்தாள். நர்ஸ் வந்து பார்த்தாரா, ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாரா என்று கேட்டார்கள். "வந்தாங்க. அப்படி ஒண்ணும் சொல்லலீங்க" என்றேன். சொல்ல நாக்கும் கூசவில்லை, சண்டாளன்! அடுத்த மாதமே அவரைச் சித்தேரி மலைக்கு மாற்றிவிட்டார்கள்.

போன சித்திரையில் நர்சம்மா கடைக்கு வந்தார். ஓய்வுபெற்றுவிட்டாராம். மூட்டுவலிக்குத் தைலம் கேட்டார். கடையில் இருந்த மனைவி ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பையன் போனப்புறம் உங்களைப் பாக்கவே முடியலீங்களே. மலைக்கு ஏங்க போனீங்க?"

நர்சம்மா என்னைப் பார்த்தார். பிறகு அவளிடம், "நானேதான் கேட்டு வாங்கிட்டுப் போனேன் கண்ணு" என்றார்.

தைலம் தேடுகிற சாக்கில் குனிந்து இழுப்பறையைத் திறந்தேன். தகரக் கூரையின் வெக்கையில், யாரும் தொடாமலேயே, தெர்மாமீட்டரில் பாதரசம் நூறைத் தாண்டி ஏறியிருந்தது.

"என்னங்க, அவங்க நின்னுட்டே இருக்காங்க, தைலம் எங்க?" என்றாள் மனைவி.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "இதோ" என்றுதான் வந்தது.