தோல் பிரேக்கும் என் பயமும்

மோட்டார் ரிப்பேர் தொழிலில் பயப்படாதவன் என்று ஒருவனும் கிடையாது. பயத்தை வெளியே காட்டாதவனைத்தான் மேஸ்திரி என்கிறார்கள். ஸ்பானர் பிடித்து விரல் நசுங்கிய அன்பர்களே, இது உங்களுக்குத் தெரியாததா! நானோ பிறவியிலேயே பயங்கொள்ளி. அப்பேர்ப்பட்ட என்னைப் போய், ஆம்பூரில் ஒரு தோல் மண்டி சாயபு கூப்பிட்டார். அவர் வீட்டு வண்டிக் கொட்டகையில் ஆறு வருஷமாகக் கிடந்த மூடு காரை ஓடவைக்க வேண்டுமாம்.

காரணம் விளையாட்டில்லை. அரக்கோணத்தில் கட்டிக்கொடுத்த அவர் மகள் ஜைபு தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தபோது, வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போக ரயிலுக்குக் காத்திருந்து, ஸ்டேஷனிலேயே பிள்ளை போய்விட்டது. இப்போது மறுபடி மாசமாயிருந்தாள். சாயபு காரின் தலையில் கையை வைத்துச் சொன்னார்: "ரயிலை இனிமே நம்பமாட்டேன் மேஸ்திரி. என் பொண்ணு இதுலதான் போவா."

உள்ளே யாரோ இருந்தார்கள்

பானெட்டைத் தூக்கினேன். இன்ஜின்மேல் முழ நீளத்துக்குப் பாம்புச் சட்டை. சட்டை இருக்கிறது, ஆளைக் காணோம்! மூன்று நாள் ஒரு காலைத் தூக்கிக்கொண்டே வேலை செய்தேன். ரப்பர் குழாயைத் தொட்டாலும் உடம்பெல்லாம் சிலிர்த்தது. வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லத்தான் போனேன். சாயபு பாம்புச் சட்டையைக் கையில் எடுத்து, தோல் வாங்குகிறவர் பார்க்கிற மாதிரி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பாம்பு இருந்தா எலி வராது, எலி வரலேன்னா ஒயரு பத்திரம். இதுக்குப் போய் இன்னா பேஜார் பண்றே?"

ஹாண்டில்

முன்னால் ஹாண்டில் போட்டுச் சுற்றும் வண்டி அது. எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டு போச்சு. கட்டைவிரலை மடக்காமல், குலசாமியை நினைத்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிச் சுற்றினேன். உதைத்தது பாருங்கள் ஒரு உதை! பக்கத்தில் தோல் பதனிட வைத்திருந்த ஆவாரம்பட்டைக் குவியலில் மல்லாந்து விழுந்தேன். கை இருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன். இருந்தது. இன்ஜினும் படபடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கேட்டு எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

ஜன்னல் திரைக்குப் பின்னாலிருந்து ஜைபுவின் குரல் வந்தது: "அத்தா, கார் சரியாய்டுச்சு. மேஸ்திரிய ரிப்பேர் பண்ணுங்க."

பட்டணத்துச் சாமான்

அந்தக் காலத்து வண்டிகளில் கிளச்சுக்குத் தோல்தான். சாயபு தன் மண்டியிலிருந்தே ஒரு நல்ல துண்டு கொண்டுவந்தார். விளக்கெண்ணெயில் ஊறவைத்து மாட்டினேன்; வழுவழுவென்று வேலை செய்தது. அவருக்குத் தலைகால் புரியவில்லை. பிரேக்குக்கு, சக்கரத்தைப் பிடிக்கிற லைனிங் பட்டை பட்டணத்திலிருந்து வரவேண்டும், எழுதிப் போட்டு மாதமாகியும் வரவில்லை. ஜைபுவைக் கூட்டிப்போகிற நாளோ நெருங்கிவிட்டது.

பிரேக்குக்கும் தோலே போடச் சொன்னார். சூடேறினால் கருகிவிடும் என்று எனக்குத் தெரியும். வாயைத் திறந்தேன், அவர் முகத்தைப் பார்த்தேன், மூடிக்கொண்டேன். ஊருக்கே தோல் விற்கிறவரிடம் உங்கள் தோல் உதவாது என்று யார் சொல்வது? மனசுக்குள் இருந்த பயத்துக்கு, பிரேக்கை இன்னும் இரண்டு சுற்று இறுக்கி வைத்தேன். கொட்டகையைச் சுற்றி ஓட்டிக் காட்டினேன். கச்சிதமாக நின்றது.

"பாத்தியா? ஆம்பூர்ல இருந்துட்டு லைனிங்குக்குப் பட்டணத்துக்கு எழுதுறானாம்!"

ஒரே ஒரு நல்ல மூக்கு

காலையில் புறப்பட்டோம். முன்னால் நானும் சாயபுவும், பின்னால் திரை போட்டு ஜைபுவும் அவள் அம்மாவும். நான் இறுக்கியது இறுக்கியதுதான்; பிரேக் சக்கரத்தை உரசிக்கொண்டே வந்திருக்கிறது. கருகல் நாற்றம் அடித்திருக்க வேண்டும். ஆனால் மண்டி நாற்றத்திலேயே ஊறிப்போன எங்கள் மூக்குக்கு அது எட்டவில்லை. நான்கு வருஷமாக அரக்கோணத்துக் காற்றைக் குடித்தவளுக்குத்தான் எட்டியது.

"அத்தா, இன்னாவோ கருகுது."

"தோல் வாசனைம்மா. நம்ம ஊர்ல எப்பவும் இருக்கறதுதானே?"

அதே நேரம் இறக்கம் வந்தது. கீழே ரயில்வே கேட் மூடியிருந்தது. தூரத்தில் ரயில் ஊதியது. பிரேக்கை மிதித்தேன். கால் பலகை வரைக்கும் போனது, கார் நிற்கவில்லை. கை பிரேக்கை இழுத்தேன். அதுவும் தோல்தான். பின்னால் இரண்டு உயிர் இல்லை, மூன்று உயிர். பற்றாத கியரை நறநறவென்று கீழே தள்ளி, ஸ்டியரிங்கை இடதுபக்கம் ஒடித்தேன். கார் சாலையோரத்துப் பாலாற்று மணலில் இறங்கி, அச்சுவரை புதைந்து நின்றது. ரயில் கடகடவென்று போனது.

யாருக்கும் ஒன்றுமில்லை. நான்தான் மணலில் உட்கார்ந்து குழந்தைபோல் அழுதேன். தோல் தாங்காது என்று தெரியும், உங்களுக்குப் பயந்து சொல்லவில்லை என்று அழுதுகொண்டே சொன்னேன். சாயபு கேட்டில் காத்து நின்ற கூண்டு மாட்டு வண்டியைக் கைதட்டிக் கூப்பிட்டார். ஜைபு மெதுவாக ஏறிக்கொண்டாள். அதில்தான் வேலூர் போய்ச் சேர்ந்தார்கள்; பன்னிரண்டாம் நாள் பெண் குழந்தை, இருவரும் சுகம். பட்டணத்து லைனிங் போட்ட பிறகு நானே போய்க் காரில் அழைத்து வந்தேன்.

அன்று கூண்டு வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் ஜைபு திரையை விலக்காமலே சொன்னது இது: "பயப்படுங்க மேஸ்திரி, தப்பில்ல. ஆனா பயந்துகிட்டாவது வாயத் திறந்து சொல்லிடுங்க."

பாம்புக்கும் ஹாண்டிலுக்கும் பயந்த மெக்கானிக்கை நம்பி ஏறலாம் அன்பர்களே, முதலாளிக்குப் பயந்த மெக்கானிக்கின் காரில் மட்டும் முதலாளியே ஏறக்கூடாது.