பாலக்கரை ஜெசிந்தா அக்காவும் எங்கள் மைக்குகளும்

போன வாரம் ஒரு காலையில், பெரம்பலூரிலிருந்து வந்திருந்த ஒருவருக்கு இரண்டு லென்ஸ்களுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. திரையில் சேவியர் அண்ணன் பெயர். தானாக யாருக்கும் போன் செய்கிற பழக்கம் அவருக்கு இல்லை. எடுப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

"ஜெசி போயிட்டா ரங்கா. தூக்கத்துலயே போயிட்டா. நீ வீட்டுக்கு வா," என்றார்.

வருகிறேன் என்று சொல்லி வைத்தேன். எதிரே நின்றவர், வீட்டுக்குள் படம் எடுக்க எது சரியாக இருக்கும் என்று கேட்டார். அறை சின்னதென்றால் அகலமாகப் பிடிக்கும் லென்ஸ்தான் வேண்டும், ஆனால் அதை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் மூக்கு பெரிதாகத் தெரியும் என்று மீதிப் பதிலையும் சொல்லி முடித்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. பேச்சை நிறுத்துவதற்குக்கூட ஒரு தெம்பு வேண்டியிருக்கிறது. அவர் போன பிறகு ஷட்டரை இறக்கினேன்.

ஜெசிந்தா அக்கா யார் என்று தெரியாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். கேமரா, லென்ஸ், மைக் எல்லாவற்றையும் ஒப்பிட்டுத் தமிழில் நாங்கள் நடத்திவந்த வீடியோ சேனலைப் பார்த்தவர்களுக்கு அவரை முகத்தைவிடக் குரலால்தான் தெரியும்.

நான் ஸ்ரீரங்கத்துக்காரன். சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் கேமரா வாடகைக் கடை வைத்திருக்கிறேன். ஜெசிந்தா அக்கா பாலக்கரையில் இருந்தார். இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. கணவர் சேவியர் அண்ணன் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரே மகள் பிரின்சி. மகள் வெளியூருக்குப் படிக்கப் போன வருடம் அக்கா என் கடைக்கு வந்தார். காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்களைப் பற்றி ஒரு படம் எடுக்க வேண்டும், தனியாகவே எடுக்கப்போகிறேன், ஒரு கேமரா கொடுங்கள் என்றார். இருப்பதிலேயே நல்லதாக ஒன்றைக் கொடுத்து அனுப்பினேன்.

திருப்பிக் கொண்டுவந்தபோது முகம் வாடியிருந்தது. "படம் ரொம்ப அழகா இருக்குங்க. ஆனா ஒருத்தர் பேசுறதும் கேக்கல," என்றார்.

போட்டுப் பார்த்தோம். வெங்காய மூட்டையின் சணல் இழைகூடத் தெரிந்தது. பேசுகிறவரின் வாய் அசைந்தது. கேட்டதெல்லாம் லாரி ஹாரனும் தள்ளுவண்டிச் சத்தமும்தான். கேமராவிலேயே இருக்கும் மைக்கை நம்பி எடுத்திருந்தார். அன்றிலிருந்து இரண்டு பேரும் சேர்ந்து அலையத் தொடங்கினோம். நீள மைக்கைக் கேமரா மேல் வைத்துப் பார்த்தோம். அது திரும்பிய பக்கத்திலிருந்த லாரியையும் சேர்த்து வாங்கியது. காலர் மைக் வைக்கலாம் என்றால், மூட்டை தூக்குகிறவர் வெற்று மார்போடு நிற்கிறார், காலர் எங்கே இருக்கிறது? பிளாஸ்திரி போட்டு மார்பில் ஒட்டினோம். வியர்வையில் கழன்று விழுந்தது. கடைசியில் அக்கா மைக் மாற்றுவதை விட்டுவிட்டு, அவர்கள் டீ குடிக்க உட்காரும் பக்கத்துச் சந்துக்குப் போய்க் காத்திருந்தார். சாக்கு அடுக்கிய சுவருக்குப் பக்கத்தில் எதிரொலியும் இல்லை, இரைச்சலும் குறைவு. சாதாரண காலர் மைக்கைத் துண்டு முனையில் குத்தினோம். குரல் தெளிவாக வந்தது.

"மைக்க மாத்துறதுக்கு முன்னாடி ஒரு தடவ இடத்த மாத்திப் பாத்துடணும் ரங்கா," என்றார். பிறகு எத்தனையோ பேருக்கு நான் இதைச் சொல்லியிருக்கிறேன், என் பேச்சு மாதிரியே.

படம் முடிந்து, மார்க்கெட் ஆட்களைக் கூப்பிட்டே போட்டுக் காட்டினோம். அதன் பிறகுதான் சேனல் யோசனை வந்தது. சென்னை போய்க் கையில் எடுத்துப் பார்த்து வாங்க முடியாதவர்கள் எங்கள் பக்கம் நிறைய. ஆங்கிலத்தில் வரும் விமர்சனங்களில் எல்லாரும் டி-சர்ட் போட்டு, எதிரொலி வராமல் சுவரில் பஞ்சு ஒட்டிய அறைக்குள் உட்கார்ந்து பேசுகிறார்கள். அக்கா புடவை கட்டிக்கொண்டு தெருவில் நின்று பேசினார். பட்டில் காலர் மைக்கைக் குத்தினால் சரசரப்பு வரும், கஞ்சி போட்ட காட்டனில் அதைவிட மோசம், முந்தானை பின்னுக்கு உள்ளே திருப்பிக் குத்தினால் வராது என்று அவர் செய்து காட்டிய வீடியோவைத்தான் இன்றும் அதிகம் பேர் தேடி வருகிறார்கள். வெளிச்சத்தில் சோதிக்கத் தொட்டியம் வாழைத் தோட்டம். இலைக்கு நடுவே நின்றால் முகத்தில் பச்சை ஏறும். எந்தக் கேமரா அதைச் சமாளிக்கிறது, எது ஆளை நோயாளி மாதிரிக் காட்டுகிறது என்று பார்ப்போம். இருட்டுக்குத் திருவானைக்காவல் கடைத்தெரு, விளக்கு வைக்கிற நேரம்.

மைக் சோதனைக்கு அவர் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார். "சனிக்கிழமை சாயங்காலம் பாலக்கரைப் பக்கம் பஸ் பழுதாகிப் போச்சு." ஸ என்ற ஒலியில் மைக் சீறுகிறதா, ப வரும்போது மூச்சுக்காற்று மோதித் தட்டுகிறதா என்று இந்த ஒரு வரியில் தெரிந்துவிடும். அலுவலகம் முடிந்து, கைப்பையை மேஜையில் வைத்துவிட்டு, எத்தனை மைக் இருந்தாலும் அத்தனைக்கும் அதே வேகத்தில், அதே தொனியில் சொல்வார்.

சலிப்பு அவருக்கும் இருந்தது. நாங்கள் ஒன்றை நன்றாகப் பழகிப் பார்த்து முடிப்பதற்குள் கம்பெனிக்காரன் அடுத்ததை இறக்கிவிடுவான். பார்த்தவர்களோ ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். எந்தக் கேமரா வாங்கலாம்? அக்கா ஒவ்வொருவருக்கும் உட்கார்ந்து பதில் எழுதுவார். யார் பேசப்போறாங்க, எங்க உட்காந்து பேசப்போறாங்க, அத மொதல்ல சொல்லுங்க என்பதுதான் அந்தப் பதில். பாதிப் பேர் அதற்குமேல் எழுத மாட்டார்கள்.

ஒருநாள் நான்கு புது மைக்குகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். முதல் மைக்கில் அவர் குரலுக்கு அடியில் ஒரு கரகரப்பு கேட்டது. மைக் சரியில்லை என்று குறித்துக்கொண்டேன். இரண்டாவதிலும் அதே கரகரப்பு. வயரை மாற்றினேன். மூன்றாவது, நான்காவது எல்லாவற்றிலும் அதே இடத்தில். ஹெட்போனை அவர் வாங்கிக் காதில் வைத்து, போன வருடம் பதிவு செய்ததையும் இன்றையதையும் மாற்றி மாற்றிக் கேட்டார். பிறகு கழற்றி மேஜையில் வைத்தார்.

"மைக்கெல்லாம் நல்லாத்தான் இருக்கு ரங்கா. நாந்தான் மாறியிருக்கேன்."

தொண்டையில் புற்றுநோய். குரல்வளையை எடுத்தாக வேண்டும் என்றார்கள். எடுத்தார்கள். கழுத்தில் மூச்சுக்கு ஒரு துளை. பல மாதங்கள் ஒரு சொல்லும் இல்லை. நான் போய் உட்கார்ந்திருப்பேன். சேவியர் அண்ணன் காபி போட்டுக் கொடுப்பார். மூன்று பேரும் டி.வி. பார்ப்போம். கடைக்கு வந்த புது லென்ஸைக் கொண்டுபோய்க் காட்டினால் கையில் வாங்கி ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார். சேனலை நான் தனியாக நடத்திப் பார்த்தேன். மனம் ஒட்டவில்லை. பிறகு நிறுத்திவிட்டேன்.

பின்னர் அவருக்கு ஒரு கருவி கொடுத்தார்கள். சின்ன டார்ச் லைட் அளவு இருக்கும். கழுத்தில் அழுத்திப் பிடித்தால் அதிரும். அந்த அதிர்வை வைத்து வாயை அசைத்துப் பேச வேண்டும். ஏற்ற இறக்கம் இல்லாமல், மோட்டார் ஓடுவதுபோல் வரும் குரல். அதைப் பழகுவதற்கே அவர் மிகவும் கஷ்டப்பட்டார். ஓரளவு வந்ததும் என் கடைக்கு வந்து, "மைக்க எடுங்க" என்றார்.

அப்போது நல்ல பெயரெடுத்திருந்த ஒரு வயர்லெஸ் மைக் கடையில் இருந்தது. சுற்றுப்புற இரைச்சலைத் தானாக நீக்கிவிடும் வசதி அதில் இருந்தது. அதைப் புடவையில் குத்தினேன். அவர் கருவியைக் கழுத்தில் வைத்து, சனிக்கிழமை சாயங்காலம் என்று தொடங்கி முழு வாக்கியத்தையும் சொன்னார். போட்டுக் கேட்டோம். ஒன்றுமே இல்லை. தெருவில் போன ஆட்டோ சத்தம் இல்லை, மின்விசிறி சத்தம் இல்லை, அவரும் இல்லை. அங்கங்கே உதடு சேர்ந்து பிரிகிற ஒலி மட்டும் இருந்தது. இன்னொரு தடவை எடுத்தோம். அப்படியேதான்.

எனக்குப் புரிந்துவிட்டது. நான் சொல்வதற்கு முன்பு அவரே சொன்னார். "என் பேச்ச எரைச்சல்னு நெனச்சு எடுத்துப் போட்டுடுச்சு."

சிரித்தார். சிரிப்பில் ஒலி இல்லை, தோள் மட்டும் குலுங்கியது. அப்புறம் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அன்றைக்கு வீட்டுக்குப் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. அந்த வசதியை அணைக்கச் சொன்னார். குரல் வந்தது, ஆனால் கழுத்துக்கருவியின் ரீங்காரம் சொற்களை மூடியது. மார்பில் குத்தும் மைக், கழுத்திலிருக்கும் கருவிக்குப் பக்கத்திலேயே இருப்பதுதான் காரணம். மேடையில் ஆடிப் பாடுகிறவர்கள் மாட்டிக்கொள்கிற, கன்னத்தோரம் நீண்டு வாய் ஓரத்தில் நிற்கும் மைக்கை எடுத்து மாட்டினோம். சொற்கள் மேலே வந்தன. ரீங்காரம் கீழே போனது. பழைய குரல் வரவில்லை. ஆனால் பாலக்கரை என்றால் பாலக்கரை என்று கேட்டது.

அதையே வீடியோவாகப் போட வேண்டும் என்றார். எனக்கு விருப்பமில்லை. கண்டதையும் எழுதுவார்களே அக்கா என்றேன். எழுதினார்கள்தான், நல்லவிதமாகவும் மோசமாகவும். "எழுதட்டும் தம்பி. என்ன மாதிரி ஆளுங்களும் மைக்கு வாங்குவாங்கல்ல?" என்றார்.

அதைப் பார்த்துவிட்டுத் தொட்டியத்திலிருந்து பழனியப்பன் என்ற வாழை விவசாயி கடையைத் தேடி வந்தார். அவருக்கும் அதே அறுவைச் சிகிச்சை, அதே கருவி. மகளின் நிச்சயதார்த்தத்தில் மண்டப மைக்கைப் பிடித்து நாலு வார்த்தை பேசப் போக, பிள்ளைகள் சிரித்திருக்கின்றன. பெரியவர்கள் புரியாமல் விழித்திருக்கிறார்கள். பாதியில் இறங்கிவிட்டாராம். இப்போது கல்யாணம். வந்தவர்களைச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று நான் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டாமா என்று அக்காவிடம் கேட்டார். இரண்டு பேரும் ஆளுக்கொரு கருவியைக் கழுத்தில் வைத்துக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்து பேசியதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்களுக்குள் ஒரு சொல்கூடத் தப்பவில்லை.

கல்யாணத்துக்கு நாங்கள் போனோம். மண்டபத்து மைக்செட்காரர் வழக்கப்படி எக்கோவைக் கூட்டி வைத்திருந்தார். அக்கா அவர் பக்கத்திலேயே நின்று, எக்கோவை முழுக்க நிறுத்தச் சொல்லி, அடித்தொனியைக் குறைக்கச் சொல்லி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் மண்டபக் கடைசி வரிசை வரை நடந்து போய்க் கேட்டுவிட்டு வந்தார். நடக்கும்போதே மூச்சு வாங்கியது. தாலி கட்டி முடிந்ததும் பழனியப்பன் எங்கள் மைக்கை மாட்டிக்கொண்டு எழுந்தார். வந்த சனங்களுக்கு வணக்கம், எல்லாரும் இருந்து சாப்பிட்டுத்தான் போகணும், என் பொண்ண நல்லா இருன்னு வாழ்த்திட்டுப் போகணும் என்றார். அவ்வளவுதான் பேச்சு.  பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர், சாப்பிட்டுத்தாங்க போவோம் என்று பதில் குரல் கொடுத்தார். மணமேடையில் அந்தப் பெண் அழுதுவிட்டாள். அக்கா மைக்செட் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அதற்குப் பிறகு பெரிதாக ஒன்றும் எடுக்க முடியவில்லை. நோய் நுரையீரலுக்கு வந்துவிட்டது. கடைசியாகப் பார்த்தபோது கருவியைத் தூக்கிப் பிடிக்கக் கை நிற்கவில்லை. நான் பிடித்துக்கொண்டேன். "கேக்குறவங்களுக்குப் பதில் போடுறதை விட்டுடாதீங்க. அலுப்பாத்தான் இருக்கும்," என்றார். சரி என்றேன். அலுப்பாகத்தான் இருக்கிறது அக்கா.

சேவியர் அண்ணன் போன் செய்த மறுநாள் சாயங்காலம் அடக்கம். பிரின்சி கனடாவில் இருக்கிறாள். நிறைமாதம், விமானத்தில் ஏற முடியாது. அவள் பார்க்கும்படி எடுக்க முடியுமா என்று சேவியர் அண்ணன் கேட்டார். கடையிலிருந்து நல்ல கேமரா கொண்டு வரட்டுமா என்றேன். "போனே போதும்பா. அவ பாத்தாப் போதும்," என்றார்.

கோயிலில் பூசை முடிந்து கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். போனைப் பிடித்தபடி நான் முன்னால் நின்றேன். ஒரு காதில் இயர்போன். அதில் பிரின்சி மூச்சு விடுவது மட்டும் கேட்டது. பெட்டியை இறக்கினார்கள். சாமியார் செபம் சொல்லி முடித்ததும் உறவினர்கள் ஒவ்வொருவராக மண் அள்ளிப் போட்டார்கள். பலகை மேல் முதல் பிடி மண் விழுந்த சத்தம் எனக்கே தாங்கவில்லை. தூரதேசத்தில் ஒரு அறையில் வயிற்றுப் பிள்ளையோடு உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு அதை எப்படி அனுப்புவது? என் கட்டைவிரல் போனுக்கு அடியிலிருக்கும் மைக் துளையை மூடிக்கொண்டது.

"அங்கிள், சத்தம் வரல," என்றாள் பிரின்சி.

நெட்வொர்க் சரியில்லை என்று சொல்லியிருக்கலாம். "மண் போடுறாங்கம்மா," என்றேன்.

"தெரியுது அங்கிள். எனக்குக் கேக்கணும்."

விரலை எடுத்தேன். சேவியர் அண்ணன் போட்டார். அலுவலகத்துப் பெண்கள் போட்டார்கள். கடைசியாக, அங்கிள் எனக்காக ஒரு பிடி போடுங்க என்றாள். நான் குழிக்கு ஓரமாக முட்டி போட்டு உட்கார்ந்து, இடது கையால் போனை உள்ளே தாழ்த்திப் பிடித்து, வலது கையால் அள்ளினேன். காவிரிப் பக்கத்து மண், லேசாக இருந்தது. ஒரேயடியாகப் போடாமல், விரலிடுக்கு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். போய் வாருங்கள் அக்கா. உங்கள் பெண் கேட்டுக்கொண்டிருந்தாள்.