இல்லாத படிக்கட்டு

மலைமுகட்டுப் பாதையில் சுற்றுலாக்காரர்களைக் கூட்டிப்போகும் அந்த அம்மாளுக்கு ஊரில் 'அளப்பக்கா' என்றுதான் பெயர். கணவர் போனபின் மகளைப் படிக்கவைக்க இந்த வேலைக்கு வந்தவள். வந்த புதிதில் உள்ளதை உள்ளபடிதான் சொன்னாள்: இடப்பக்கம் அணைக்கட்டு, வலப்பக்கம் கண்ணுக்கெட்டியவரை வயல், முகட்டின்மேல் இடிந்த மதில், மதில் முடியும் இடத்தில் காட்டுத்தீயைக் கண்காணிக்கக் கட்டிய காவல்கோபுரம். கேட்டவர்கள் கொட்டாவி விட்டார்கள். சரி, கொஞ்சம் உப்புக்காரம் சேர்ப்போம் என்று ஓர் இளவரசியைக் கொண்டுவந்தாள். இளவரசிக்கு ஒரு காதலன். அவன் ஏறிவர மதிலுக்கு வெளியே, பாறையில் வெட்டிய ரகசியப் படிக்கட்டு. சும்மா சொல்லக்கூடாது, அதற்கப்புறம் ஒருவரும் கொட்டாவி விடவில்லை.

அன்றைக்கு மனைவியோடு வந்திருந்தவர் ஓய்வுபெற்ற கட்டட இன்ஜினியர். அளப்பக்கா தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறாள், மனிதர் மதிலைத் தாண்டி, வெளிப்பக்கப் பாறை விளிம்பில் நிற்கிறார்! அவர் காலுக்கு நேர் கீழே வெறும் பள்ளம். அவள் மதிலை நோக்கி ஓடினாள்.

"சார், வந்துடுங்க! அங்க படியெல்லாம் கிடையாது."

"நீங்கதானேம்மா சொன்னீங்க?"

"பொய் சார். நானே கட்டிவிட்ட கதை. என் பொண்ணு மேல சத்தியம்!"

அவர் சிரித்தார். "யாருக்கும் காட்டக்கூடாதுன்னு ஆபீஸ்ல சொல்லியிருப்பாங்க. எனக்குத் தெரியாதா? கீழ வெட்டின தடம் மாதிரி ஒண்ணு தெரியுதே."

"பிடிச்சா விடமாட்டாரு. கல்யாணமான நாளா நானும்..." என்று ஆரம்பித்த மனைவி, கணவரின் காலடியிலிருந்து ஒரு கல் பெயர்ந்து உருண்டதும் வாயைப் பொத்திக்கொண்டார். கல் விழுந்த சத்தமே கேட்கவில்லை.

பாவி, இந்த வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா என்று அளப்பக்கா தன்னையே திட்டிக்கொண்டாள். இனி சத்தியம் பண்ணிப் பிரயோஜனமில்லை. கத்தினால் இன்னும் ஓரடி இறங்குவார். குரலைத் தாழ்த்தினாள்.

"கண்டுபிடிச்சுட்டீங்க சார். படி இருக்கு. ஆனா அங்க இல்ல, கோபுரத்துக்குள்ளேருந்து இறங்குது. உங்களுக்கு மட்டும் காட்டறேன். பாறையைப் பிடிச்சுட்டு மெதுவா வாங்க."

"அப்படி வாங்க வழிக்கு!" முகமெல்லாம் பல்லாகத் திரும்பியவருக்குக் கால் வழுக்கியது. அளப்பக்கா மதில்மேல் குப்புற விழுந்து அவர் காலரையும் பெல்ட்டையும் எட்டிப் பிடித்தாள். மனைவி அளப்பக்காவின் கால்களைக் கட்டிக்கொண்டார். இழுத்த இழுப்பில் மூவரும் இந்தப்பக்கப் புல்லில் வந்து விழுந்தார்கள்.

மூச்சு வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "எங்க அந்தப் படி?"

"இல்ல சார்." அவளுடைய விரல்கள் இன்னும் பெல்ட்டை விடவில்லை.

"என்னை முட்டாளாக்கிட்டீங்களா? கீழ போனதும் புகார் எழுதிக் கொடுக்கறேன். உங்க வேலை போயிடும், பாருங்க!"

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"கொடுங்க சார். தாராளமாக் கொடுங்க. உங்க காலாலேயே நடந்து போய், உங்க கையாலேயே எழுதிக் கொடுங்க."