வலி இல்லாத ஞாயிறு

மலேசியாவின் கிளேபாங் சாலையோரத்தில், பரோட்டா போன்ற ரொட்டி சானாய் போடும் சின்னப்பனுக்கு, லாரியிலிருந்து விழுந்த நாள் முதல் ஒன்பது வருடமாக இடுப்பு வலி. தைலம், பெல்ட், மாத்திரை, உருவிவிடும் மலாய்க்காரர் என்று அவர் எதையும் விட்டுவைக்கவில்லை. வலிதான் அவரை விடவில்லை.

அவரிடம் ஒரு பொல்லாத பழக்கம் இருந்தது. வலி குறைந்த நாளில், விட்டதையெல்லாம் பிடித்துவிடும் வெறியோடு காலையிலிருந்து மதியம்வரை கல்லை விட்டு நகராமல் நிற்பார். அடுத்த மூன்று நாள் படுக்கைதான். கடை மூடிக் கிடக்கும்.

"வலி வந்து நிறுத்தாதீங்க, மணி பார்த்து நிறுத்துங்க" என்றார் கிளினிக்கில் உடற்பயிற்சி சொல்லித்தரும் பெண். சின்னப்பனுக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஆனாலும் கைப்பேசியில் அலாரம் வைத்தார். இருபது நிமிடம் நின்றால், ஐந்து நிமிடம் சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து நிதானமாக மூச்சு விடுவார். ஏழு மாதமாக வலிக்காகக் கடை மூடியதில்லை.

போன ஞாயிறு, தேவாலயத்தில் பூசை முடிந்து வந்த கூட்டம் சாலைவரை நின்றது. அலாரம் அடித்தது. அடுப்பைத் தணித்துவிட்டு உட்கார்ந்தார்.

"என்னண்ணே, வலி ஜாஸ்தியா?" என்று கேட்டார் வரிசையில் முதலாவதாக நின்ற சேகரன்.

"இல்லலா. இன்னிக்கு வலியே இல்ல."

"அப்புறம் என்னா? போடுங்கண்ணே, பசிக்குது!"

சின்னப்பன் அசையவில்லை.

"நானா உக்காந்தா அஞ்சு நிமிஷம். அது என்னை உக்கார வச்சா மூணு நாளு. உனக்கு எது வேணும், சொல்லு."