இருக்கியா என்று கேட்ட பெட்டி

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள சந்தில் ஒரு பஞ்சர் கடையும் ஒரு தையல் கடையும் ஒரே சுவரில் முதுகு சாய்த்து நிற்கின்றன. பஞ்சர் கடை புருஷனுடையது, தையல் கடை பெண்டாட்டியுடையது. பெண்டாட்டிக்குச் சந்தில் கத்திரியக்கா என்று பெயர். துணி வெட்டுகிற கத்திரியால் வந்த பெயர் என்று புது ஆட்கள் நினைப்பார்கள். ஒரு பேன்ட்டைக் கீழ்மடிக்கக் கொடுத்துவிட்டு ஐந்து நிமிஷம் நின்றால் போதும், நாக்கால் வந்த பெயர் என்று புரிந்துவிடும். ஜிப் மாற்ற வந்தவனைப் பார்த்து, "சாப்பாட்டைக் குறைப்பா, ஜிப்பு என்ன பாவம் பண்ணிச்சு" என்பாள். அவனும் சிரித்துக்கொண்டே அடுத்த மாதம் இன்னொரு பேன்ட்டோடு வருவான்.

அவள் இந்த ஊரில் பிறந்தவள் இல்லை. ஆற்றில் மேலே போய், அருவியையும் தாண்டினால் வருகிற காட்டு ஜனத்தின் பெண். பாவாடை வயசில், அண்ணனோடு, ஒரு போதகரின் படகில் ஏறி இங்கே வந்தாள். அண்ணனுக்கு வாய்ச் சாமர்த்தியம். எதைச் சொன்னாலும் நாலு பேர் நின்று கேட்பார்கள். அதைப் பார்த்துத்தான் போதகர் அவனைப் பிடித்துக்கொண்டார். சுவரெல்லாம் மெத்தை சாய்த்து வைத்த ஒரு அறையில் உட்கார வைத்து, தன் கடவுளின் கதையை முழுக்க முழுக்கக் காட்டுப் பாஷையில் பேச வைத்துப் பதிவு செய்தார். வெளியே கோழி கத்தாமல் விரட்டுவது தங்கச்சியின் வேலை.

பதிவு முடிந்ததும் அவளை இங்கே விடுதியில் விட்டுவிட்டு, அண்ணனைக் கூட்டிக்கொண்டு எல்லோருமாக மேலே போனார்கள். படகில் ஒருத்தருக்குக் காய்ச்சலும் உடம்பெல்லாம் தடிப்பும் இருந்தது. ஒன்றுமில்லை, ரெண்டு நாளில் இறங்கிவிடும் என்று சொன்னார்கள். அவருக்கு இறங்கிவிட்டது. அண்ணனுக்கு இறங்கவில்லை, அப்பாவுக்கு இறங்கவில்லை, ஊரில் பாதி வீட்டுக்கு இறங்கவில்லை. மிஞ்சியவர்கள் பயந்துபோய் இன்னும் உள்ளே, காட்டுக்குள் போய்விட்டார்கள். போதகர் கீழே வந்து, எல்லாம் கடவுள் சித்தம் என்று விடுதிப் பெண்ணின் தலையில் கை வைத்துச் சொல்லிவிட்டு, விடுதியை இழுத்து மூடிவிட்டுத் தன் ஊருக்குப் போய்விட்டார். சித்தம் கடவுளுடையதாகவே இருக்கட்டும், காய்ச்சல் யாருடையது? இதைக் கேட்க அன்றைக்கு அந்தப் பெண்ணுக்கு வாய் வரவில்லை. பிறகு வந்தது, அதற்கும் சேர்த்து வந்தது.

விடுதிக்காரர்கள் விட்டுப்போன ஒரே உருப்படியான சொத்து ஒரு பழைய தையல் மிஷின். அதை வைத்துப் பிழைத்தாள், பக்கத்துக் கடைக்காரனையே கட்டிக்கொண்டாள். ஆறு வற்றுகிற மாதங்களில் அவளுடைய அம்மா, பிசின் கொடுத்து உப்பும் கத்தியும் வாங்கிப் போகிற கூட்டத்தோடு மணல்திட்டுக்கு இறங்கி வருவாள். கத்திரியக்கா துடுப்புப் படகில் போய், ஒரு சட்டையைத் தைத்துக் கொடுத்து, நாள் முழுக்க மடியில் படுத்துவிட்டு வருவாள். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் யாரையும் திட்டமாட்டாள்.

அந்த ஜனத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. அவர்கள் வீட்டில் தட்டுவதற்குக் கதவு கிடையாது. வருகிறவர் முதலில் தன் முகம் தெரிகிற இடத்தில் வந்து நிற்க வேண்டும். அதன் பிறகுதான் வீட்டுப் பெரியவளை, "அம்மா, இருக்கியா?" என்று கூப்பிட வேண்டும். உள்ளேயிருந்து, "இருக்கேன், வா" என்று பதில் வரும். முகம் தெரியாமல் குரல் மட்டும் வந்தால் யாரும் மூச்சு விடமாட்டார்கள். ஏனென்றால் முகம் இல்லாமல் கூப்பிடுவது செத்தவர்கள் மட்டும்தான், துணைக்கு ஆள் தேடி வருவார்கள். வாய் தவறிப் பதில் சொல்லிவிட்டால் வாக்குக் கொடுத்தது மாதிரி. அன்றோடு சாப்பாட்டை விட்டுவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். இதனால்தான் செத்தவர் பொருளை எல்லாம் எரிப்பார்கள், பெயரைக்கூடச் சொல்லமாட்டார்கள். கத்திரியக்காவும் இத்தனை வருஷத்தில் அண்ணனைப் பெயர் சொல்லிப் பேசியதில்லை.

இந்த மழைக்காலத்தில் ஒரு காலை, தலை வெளுத்துப்போன ஒருவர் மனைவியோடு தையல் கடை வாசலில் வந்து நின்றார்.

"தங்கச்சி, என்னை அடையாளம் தெரியுதா?"

"தெரியாம என்ன? எங்க வீட்ல பாதிப் பேரை அனுப்பி வெச்சவராச்சே."

பக்கத்துக் கடையிலிருந்து, கையில் டியூபோடு புருஷன் எட்டிப் பார்த்தார். போதகருக்குக் கண் கலங்கிவிட்டது. நடிப்பில்லை, நிஜமாகவே அழுதார். ஆனால் அழுகிறவர்களை எல்லாம் நம்பலாம் என்று யார் சொன்னது?

"தெரியாமப் பண்ணிட்டோம்மா. இந்தத் தடவை எல்லாரும் ஊசி போட்டுட்டு, டாக்டர் பார்த்து, அனுமதி வாங்கிட்டுத்தான் போறோம். நீயும் வரணும். எனக்கு அந்தப் பாஷையில நாலு வார்த்தைக்கு மேல வராது."

"ஒரு தடவை எங்கண்ணன் வழி காட்டினது போதும். நான் வரமாட்டேன்."

"நீ வரலேன்னாலும் நாங்க போவோம்மா. அழைப்பு இருக்கு."

"யாரு அழைச்சது? எங்கம்மாவா?"

போதகர் பேச்சை மாற்ற நினைத்தாரோ என்னவோ, பையிலிருந்து ஒரு சோப்புப் பெட்டி அளவு பெட்டியை எடுத்து மேஜையில் வைத்தார். வெயிலில் வைத்தால் தானே சார்ஜ் ஏறுமாம். மேலே கொண்டுபோய் வீட்டுக்கு ஒன்று கொடுக்கப் போகிறார்களாம். மழையில் நனையாமல் இருக்க உறை தைத்துத் தர வேண்டும் என்று சொல்லிக்கொண்டே ஒரு பொத்தானை அழுத்தினார்.

"அம்மா, இருக்கியா?" என்றது பெட்டி.

அண்ணன். பத்தொன்பது வயசில் நின்றுபோன அதே குரல், அந்தக் கடைசி எழுத்தை இழுக்கிற அதே இழுப்பு. கத்திரியக்காவுக்கு "இருக்கேன்" என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். வெட்டிக்கொண்டிருந்த துணி கோணலாகப் போயிருந்தது.

"நிறுத்துங்க."

போதகர் பெட்டியை நிறுத்தினார். அவர் மனைவி கனிவாகத்தான் சொன்னாள். "உங்க அண்ணன் போன பிறகும் ஊழியம் செய்யறார்னு நீங்க சந்தோஷப்படணும்மா."

"செத்தும் அவன் உங்களுக்கு வேலை பார்க்கணுமா? சம்பளமில்லாத ஆள் வேணும்னா உங்க வீட்ல தேடுங்க." மிஷினை விட்டு எழுந்துவிட்டாள். "எங்கம்மா இதைக் கேட்டா பதில் சொல்லுவா. பெத்த பிள்ளை கூப்பிட்டா எவ சும்மா இருப்பா? பதில் சொன்னா அவ்வளவுதான், சாப்பாட்டைத் தொடமாட்டா. பட்டினி கிடந்தே போயிடுவா."

"அந்தப் பயத்துலேருந்து அவங்களை விடுவிக்கத்தானே போறோம்?"

"பயம் போறதுக்கு முன்னாடி உசுரு போயிடும் ஐயா."

அன்றைக்கு முழுக்க அவள் யாரையும் விட்டுவைக்கவில்லை. ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுதது என்பாள், மிதிபலகையை ஓங்கி மிதிப்பாள், நூல் அறுந்துபோகும், அறுந்த நூலையும் திட்டுவாள். புருஷன் தேநீர் வாங்கிக் கொடுத்தார். அதற்கும் திட்டு விழுந்தது. அனுமதி வாங்கிப் படகு ஏறுகிறவனை ஒரு தையல்காரி என்ன சொல்லி நிறுத்துவது? பெட்டிகள் மேலே போகத்தான் போகின்றன. கோபத்தில் கொதித்துக் கொதித்து, சாயங்காலம் அவளுக்கு ஒரு வழி தோன்றியது.

மறுநாள் போதகர் தங்கியிருந்த வீட்டுக்குப் போனாள். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை.

"நான் பேசித் தர்றேன். அவன் பேசினதை எல்லாம் நானே பேசறேன். உசுரோட இருக்கிறவ குரல், அதுல குத்தமில்ல. ஆனா அவன் குரலை என் கண்ணு முன்னால அழிக்கணும். ஒரு பெட்டியில மிச்சமிருந்தாலும் நான் மனுஷியா இருக்கமாட்டேன்."

போதகருக்கு அழிக்க மனசு வரவில்லை. அவர் மனைவிதான், "அவங்க சொல்றபடி செஞ்சிடலாம்" என்று கம்ப்யூட்டரைத் திறந்தாள். அழிக்கிறதற்கு முன்னால், "ஒரே ஒரு தடவை கேட்டுக்கறீங்களா?" என்றும் கேட்டாள். நல்ல மனசோடுதான் கேட்டாள். வேண்டாம் என்று கத்திரியக்கா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். ஒரு பொத்தான், அவ்வளவுதான். உலகத்தில் அவனுடையது என்று மிச்சமிருந்த ஒன்றும் போய்விட்டது. அவளே சொல்லி அவளே போக்கினாள். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

பிறகு உட்கார்ந்து பேசினாள். போதகர் ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்ல, அவள் காட்டுப் பாஷையில் சொன்னாள். அதில் ஒரு வரியைக்கூட அவள் நம்பவில்லை. ஆனாலும் ஒப்புக்கொண்ட வேலையைக் கோணலாகத் தைத்துக் கொடுக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. கூப்பிடாமல் பேச ஆரம்பித்தால் அங்கே மதிக்கமாட்டார்கள் என்பதால், அண்ணன் தொடங்கிய மாதிரியே தொடங்கினாள். "அம்மா, இருக்கியா?"

உறையும் தைத்துக் கொடுத்தாள். ஆறு இரண்டு கரையும் தொட்டு ஓடுகிற நேரம், துடுப்புப் படகு எதுவும் போகாது. போதகரின் மோட்டார் படகு மட்டும் மேலே போனது. அது வளைவில் மறைந்த பிறகு கத்திரியக்காவுக்கு நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. அன்றிரவு புருஷனிடம், "பார்த்தீங்களா, வாயுள்ள பிள்ளை பிழைக்கும்" என்று சொல்லி, தட்டில் இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டாள்.

போதகர் திரும்பி வந்தபோது படகுத் துறையிலிருந்து நேராகக் கடைக்குத்தான் வந்தார். முழங்கால் வரைக்கும் சேறு, முகம் முழுக்கச் சிரிப்பு.

"தங்கச்சி, உன் குரலுக்கு எவ்வளவு வல்லமைன்னு உனக்கே தெரியாது. பெட்டி பேசினதும் எல்லாரும் காட்டுக்குள்ள ஓடிட்டாங்க. ஒருத்தங்க மட்டும் ஓடலை. உங்கம்மாதான், பார்த்ததும் தெரிஞ்சுடுச்சு, உன் மூக்கு அப்படியே இருக்கு. பெட்டி இருக்கியான்னு கேட்டுச்சு. அவங்க இருக்கேன், வான்னு சொன்னாங்க. எனக்குத் தெரிஞ்ச நாலு வார்த்தையில அதுவும் ஒண்ணு. திரும்பத் திரும்பப் போட்டேன், ஒவ்வொரு தடவையும் பதில் சொன்னாங்கம்மா."

மிஷின் நின்றது.

"பெட்டியை அவங்ககிட்டயே கொடுத்துட்டு வந்தேன். மடியை விட்டு இறக்கலை. வேற ஒரு வேலை இல்லை, கேட்டுக்கிட்டே இருக்காங்க. சாப்பாடு கொடுத்தாலும் வேண்டாம்னு தள்ளிட்டாங்க. வசனத்து மேல அப்படி ஒரு தாகம்."

உயிரோடு இருக்கிறவள் குரலாம், அதில் குற்றமில்லையாம். யாருக்குக் குற்றமில்லை? முகம் இல்லாமல் வந்தால் அது செத்தவள் குரல்தான், அங்கே வேறு கணக்கே கிடையாது. ஒரு நாளைக்கு எத்தனை தடவை போனை எடுத்து, முகம் தெரியாத ஆட்களிடம் இவளே "இருக்கேன், சொல்லுங்க" என்கிறாள். பேசிப் பேசி மறந்துபோய்விட்டது. அம்மா ஒரு போனைக்கூடப் பார்த்ததில்லை. மகள் போய்விட்டாள், வந்து துணைக்குக் கூப்பிடுகிறாள் என்று நினைத்திருப்பாள். ஒரு தடவைகூடத் தயங்காமல் வா என்றிருக்கிறாள்.

"விட்டுட்டு வந்து எத்தனை நாளாச்சு?"

"ரெண்டு மூணு நாள் ஆகுது. வழியில மழை. ஏம்மா?"

"நான் உசுரோட இருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லலியா நீங்க?"

போதகர் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. "உசுரோடன்னு சொல்ல எனக்கு வார்த்தை தெரியாதேம்மா" என்றார்.

கத்திரியக்கா அவரைத் திட்டவில்லை. சந்தில் யாரும் அதைக் கண்டதில்லை. கடையைப் பூட்டக்கூட நிற்காமல் துறையைப் பார்த்து நடந்தாள், புருஷன் செருப்புப் போடாமல் பின்னால் ஓடினார். போதகர் வந்திறங்கிய மோட்டார் படகிலேயே ஏறி உட்கார்ந்தாள். போதகர் மூச்சிரைக்க வந்து, நானும் வருகிறேன், போகும் வழியெல்லாம் ஜெபம் பண்ணுவோம் என்று ஒரு காலைப் படகில் வைத்தார்.

"இறங்குங்க" என்றாள். "எங்கப்பாவை, அவனை, இப்ப இவளை. இன்னும் யார் பாக்கின்னு வர்றீங்க? இறங்குங்க."

அவர் காலை எடுத்துக்கொண்டார். படகுக்காரன் அவரைப் பார்த்தான், போ என்று அவர் கையைக் காட்டினார். புருஷன் இடுப்பளவு தண்ணீரில் நின்று படகைத் தள்ளிக்கொண்டே, "கரைகிட்ட போனதும் சத்தம் போட்டுக் கூப்பிடு. உன் குரல் கேட்டா ஓடி வந்துடுவாங்க" என்றார்.

"கூப்பிடக் கூடாது. கூப்பிட்டா மறுபடி பதில் சொல்லுவா. நேரா அவ முன்னாடி போய் நிக்கணும்."

"நின்னா சரியாயிடுமா?"

"அவளைக் கூட்டிட்டுப் போக வந்துட்டேன்னு நெனைப்பா" என்றாள் கத்திரியக்கா. "எழுந்து என் பின்னாடி படகு வரைக்கும் வருவா. அதுக்காவது அவளுக்குத் தெம்பு இருக்கணும்."