உருண்டையாக இல்லாத சிறுகோள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த ஓர் ஆனி மாதத்தில் நடந்தது இது. இலங்கை மலையகத்தில், டயகம பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய ஒரு நகரத்தில், பெரிய பாடசாலை மண்டபமொன்றில் விஞ்ஞானக் கண்காட்சி நடந்தது. பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியோடு நானும் போயிருந்தேன்.

அவள் கொண்டுவந்தது ஒரு சிறுகோளின் மாதிரி. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் இலட்சக்கணக்கில் சுற்றுகின்றனவே, அந்தக் கற்களில் ஒன்று. வெளிநாட்டுத் தொலைநோக்கி எடுத்த படங்களை மாணவர்களுக்கு இணையத்தில் அனுப்பி, புதிய சிறுகோள்களைத் தேடச் சொல்லும் திட்டம் ஒன்றில் அவள் சேர்ந்திருந்தாள். எங்களிடம் ஒழுங்காக வேலை செய்யும் கணினி ஒன்றுதான். பாடசாலை விட்டதும் அதன் முன்னால் போய் உட்காருவாள். வானத்தின் ஒரே பகுதியைச் சில நிமிட இடைவெளியில் எடுத்த நான்கு படங்கள் இருக்கும். மாற்றி மாற்றி ஓடவிட்டால் நட்சத்திரங்கள் அசையாமல் நிற்கும், சிறுகோள் மட்டும் நகரும். இரண்டு வாரம் ஒன்றும் அகப்படவில்லை. மூன்றாவது வாரம்தான் கத்தினாள்.

"டீச்சர், இது போகுது! இங்க பாருங்க, போகுது!"

மங்கலான ஒரு பொட்டு. அனுப்பினோம். இதுவரை பட்டியலில் இல்லாததாக இருக்கலாம், உறுதிசெய்யப் பல வருட அவதானிப்பு தேவை என்று அவள் பெயருக்கே மின்னஞ்சல் வந்தது.

அதோடு அவள் விடவில்லை. அந்தக் கல் என்ன நிறம், என்ன வடிவம், அவ்வளவு தூரத்தில் இருப்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று துளைத்தெடுத்தாள். எனக்கும் தெரியாது. இருவருமாகத் தேடிப் படித்தோம். நீளமான கல் சுழலும்போது அகன்ற பக்கம் தெரிந்தால் வெளிச்சம் கூடும், முனை தெரிந்தால் குறையும். ஒரு சுற்றுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு இறக்கம். அதை வைத்துத்தான் வடிவத்தையும் சுழலும் நேரத்தையும் கணக்கிடுகிறார்கள்.

களிமண்ணையும் பத்திரிகைக் கூழையும் பிசைந்து, நீளவாக்கில், குழிகளோடு அவளே ஒரு சிறுகோள் செய்தாள். அந்தப் பகுதிக் கற்களில் பெரும்பாலானவை கரி போலக் கறுப்பு என்று படித்ததால் வீட்டு அடுப்புக்கரியையே அரைத்துப் பூசினாள். அதை ஒரு பழைய மின்விசிறியின் மோட்டரில் பொருத்தி, அட்டைப்பெட்டிக்குள் வைத்து, மெதுவாகச் சுழலவிட்டு, டோர்ச் அடித்து, என் போனால் வெளிச்சத்தை அளந்தாள். வரைபடத்தில் இரண்டு மேடும் இரண்டு பள்ளமும் அச்சாக வந்தன.

பதினோராம் வகுப்புக்குப் பிறகு உயர்தரம் படிக்க எங்கள் பாடசாலையில் கணிதப் பிரிவு கிடையாது. கண்காட்சி நடந்த பாடசாலையில் உண்டு. கண்காட்சியில் ஓர் இடம் கிடைத்தால் அந்தச் சான்றிதழைக் காட்டி அந்தப் பாடசாலையில் அனுமதி கேட்கலாம் என்பதுதான் அவளுடைய கணக்கு.

நடுவர்கள் மூன்று பேர். தலைமை நடுவர் ஒரு கல்வி அதிகாரி. வந்ததும் மாதிரியைத் தூக்கிப் பார்த்தார். கையில் கரி ஒட்டியது. எங்கள் மேசைவிரிப்பிலேயே துடைத்துக்கொண்டார்.

"என்ன மகள் இது, உருளைக்கிழங்கா? கோள்னா உருண்டையா இருக்கணும்ல?"

"பெரிய கோள்தான் சேர் உருண்டையாகும். அதோட ஈர்ப்பு அப்படி இழுத்துக்கும். இது சின்னது, அந்தளவு இழுக்கப் பலம் பத்தாது."

எவ்வளவு சரியான பதில்! அவர் பக்கத்து நடுவரைப் பார்த்துச் சிரித்தார். "நல்லா பாடமாக்கி விட்டிருக்காங்க."

மின்னஞ்சலைக் காட்டினாள். "பேரை யாரும் போடலாம்" என்றார். பெட்டிக்குள் பார்க்கவே இல்லை. பிறகு குரலைத் தணித்து, அன்பாகக் கேட்டார்.

"அம்மா என்ன வேலை?"

"மலையில கொழுந்து எடுக்கிறாங்க சேர்."

"அப்போ தேயிலையைப் பத்தி செஞ்சிருக்கலாமே? தோட்டத்துப் பிள்ளைங்களுக்கு இதெல்லாம் எதுக்கு? உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அவள் தலை குனிந்தது. அவர் அடுத்த மேசைக்குத் திரும்பினார். அங்கே, காலையில் எங்களோடு பேசிக்கொண்டிருந்த நகரத்துப் பையன் ஒருவன் இயந்திரக் கை செய்து வைத்திருந்தான். அவனுக்குக் கைகொடுத்து, "பிரமாதம்" என்றார். எனக்கு எங்கிருந்துதான் அந்தத் துணிச்சல் வந்ததோ தெரியாது. அந்தப் பையனைக் காட்டிக் கேட்டேன்.

"சேர், இந்தப் பிள்ளையோட அப்பா டவுன்ல புடவைக் கடை வச்சிருக்காரு. புடவையைப் பத்தி ஏன் செய்யலன்னு கேட்டீங்களா?"

அவர் முகம் கறுத்தது. "டீச்சர், இடம் பார்த்துப் பேசுங்க" என்று மட்டும் சொல்லி, கையிலிருந்த தாளில் எதையோ எழுதினார். என்ன எழுதினார் என்பது மாலையில் தெரிந்தது. 'பிரதேசத்துக்குப் பொருத்தமற்ற தலைப்பு.' எந்த இடமும் கிடைக்கவில்லை. அவள் சொன்னதில் எது பிழை என்று ஒரு வரி இல்லை. தேயிலைக் கழிவில் உரம் செய்த வேறொரு தோட்டத்துப் பிள்ளைகளுக்கு முதலிடம். அவர்கள் கெட்டிக்காரப் பிள்ளைகள், அவர்கள் மேல் எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நான் பொரிந்து தள்ளினேன். இந்த ஆள் யார், நம் பிள்ளைகள் எதைப் படிக்கலாம் என்று சொல்ல? தேயிலையை விட்டால் நமக்கு வேறொன்றும் தெரியாதா? அவள் ஜன்னல் பக்கம் பார்த்தபடி கேட்டுக்கொண்டே வந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"நீங்களும் மொதல்ல அதைத்தானே டீச்சர் சொன்னீங்க."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. உண்மைதான். கண்காட்சிக்குப் பெயர் கொடுக்க வந்தவளிடம், "தேயிலைச் சாயத்துல ஏதாவது செய்வோமே, அதுக்குத்தான் புள்ளி போடுவாங்க" என்றவள் நான். "இதெல்லாம் நமக்கெதுக்கு" என்றும் சொல்லியிருந்தேன். நானும் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். அவள் பிடிவாதம் பிடித்திராவிட்டால் அன்றைக்கு நானே ஒரு தேயிலைச் சாயப் போத்தலோடு அந்த மேசையில் நின்றிருப்பேன்.

அடுத்த வாரம் கல்வி அலுவலகத்திலிருந்து என்னிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. "மன்னிப்புன்னு ஒரு வார்த்தை எழுதிக் கொடுங்க டீச்சர், விஷயம் முடிஞ்சிரும்" என்று எங்கள் பாடசாலை அதிபர் கெஞ்சினார். நடந்ததை நான்கு பக்கம் எழுதினேன், அந்த ஒரு வார்த்தையை மட்டும் எழுதவில்லை. நடுவர் முடிவை மறு ஆய்வு செய்யக் கேட்டு நான் அனுப்பிய கடிதத்துக்கு இன்றுவரை பதில் இல்லை. அவளோ எந்தச் சான்றிதழும் இல்லாமல், பதினோராம் வகுப்பில் எழுதிய சாதாரண தரப் பரீட்சையின் பெறுபேற்றை மட்டும் காட்டி, வேறொரு நகரப் பாடசாலையில் கணிதப் பிரிவுக்குச் சேர்ந்துவிட்டாள்.

அந்த அதிகாரி மேல் எனக்குள்ள கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனால் இந்தக் கதையை யாரிடம் சொன்னாலும், அவருக்கு முன்பே அவளிடம் அதே வார்த்தையைச் சொன்னவள் நான்தான் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.