கல்வெட்டு எழுதாத அரை நிமிடம்

அலுவலகத்தில் அவளுக்குக் கல்வெட்டு என்று பெயர். அவள் குறிப்பேட்டில் ஏறியது ஏறியதுதான், அமைச்சரே வந்து கெஞ்சினாலும் ஒரு சொல் இறங்காது என்று யாரோ வைத்த பெயர். சட்டமன்றத்தில் சுருக்கெழுத்தாளராக இருபத்தொன்பது வருடம். பெரிய மனிதர்கள் வாய்க்கு வந்ததைப் பேசுவார்கள், இவள் சொல்லுக்குச் சொல் எழுதுவாள். காது கேட்க வேண்டும், கை எழுத வேண்டும், நடுவில் மனசு மூக்கை நுழைக்கக் கூடாது. என்ன பேசுகிறார்கள் என்று யோசிக்க ஆரம்பித்தால் கை நின்றுவிடும். புதிதாகச் சேருகிறவர்கள் முதல் மாதத்தில் இந்தத் தப்பைச் செய்து திட்டு வாங்குவார்கள். அவள் செய்ததே இல்லை. ஐம்பத்தாறாவது வயதில், ஒரு செவ்வாய்க்கிழமை, செய்தாள்.

அன்று தொழிலாளர் நலத்துறை ஆணையர் பதவிக்குப் புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவரை விசாரிக்கும் நாள். பதவியேற்கும் முன் அவருடைய தகுதியையும் நடத்தையையும் ஒன்பது பேர் கொண்ட குழு கேட்டறிய வேண்டும். உறுப்பினர்கள் மனம்விட்டுப் பேசட்டும் என்று கதவைச் சாத்திவிடுவார்கள், ஒலிப்பதிவும் கிடையாது. உள்ளே நடப்பது வெளியே வருவதென்றால் இரண்டு பெண்களின் பென்சில் வழியாகத்தான். ஒருத்தி இவள். இன்னொருத்தி, மூச்சுவிடாமல் பேசுவதால் ரயில் என்று பெயரெடுத்தவள். பத்துப் பத்து நிமிடமாக மாற்றி மாற்றி எழுதுவார்கள்.

காலையில் கேன்டீனில் அதே பேச்சுதான்.

"ரெண்டு பட்டம், முப்பது வருஷ நிர்வாக அனுபவம். இவரை விட்டா வேற யாரு இருக்கா?" என்றார் பிரிவு அதிகாரி.

"படிப்பு இருக்கு சார். ஆளு எப்படி?" என்றாள் ரயில்.

"அதையெல்லாம் பாத்தா நாற்காலி காலியாவே கிடக்கும்மா."

"நீங்க என்னக்கா சொல்றீங்க?"

"நான் எழுதறவ. சொல்றவ இல்லை" என்று டீயை முடித்துக்கொண்டு எழுந்தாள் கல்வெட்டு. ஆள் எப்படி என்று அவளுக்குத் தெரியும்.

பதினொரு வருடம் முன்பு அவர் தொழிற்சாலைகளின் தலைமை ஆய்வாளர். அவளுடைய தங்கை ஒரு துணித் தொழிற்சாலையில் பெட்டி கட்டும் பிரிவில் இருந்தாள். வேலை தொடங்கியதும் அந்தக் கூடத்தை வெளியிலிருந்து பூட்டிவிடுவார்கள், திறந்திருந்தால் பெண்கள் துணி திருடிவிடுவார்களாம். நாற்பத்தொரு பெண்கள் கையெழுத்துப் போட்டு ஆய்வாளருக்கு மனு கொடுத்தார்கள். அதைத் தட்டச்சு செய்து கொடுத்தது கல்வெட்டு. கொண்டுபோய் நேரில் கொடுத்தது தங்கை. மூன்று மாதம் கழித்து அந்தக் கூடம் பூட்டியபடியே எரிந்தது. நான்கு பெண்கள் போனார்கள். தங்கை பிழைத்தாள், நுரையீரல் வெந்து, மூன்று சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கும் ஆளாக. புகாரே வரவில்லை என்று ஒரே வாரத்தில் விசாரணையை முடித்துவிட்டார்கள்.

ஆய்வாளர் அலுவலக முத்திரை விழுந்த நகல் அவளிடம் இருந்தது. அரசாங்க வேலையில் இருக்கிறவள் எதற்கு வம்பில் மாட்டிக்கொள்கிறாய் என்றார்கள் எல்லாரும். அவளும் அதை பீரோவில் வைத்துப் பூட்டினாள். தங்கை அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தாலாவது தேவலை என்று அவளுக்கு எத்தனையோ நாள் தோன்றியிருக்கிறது.

அன்றைய குழு விசாரணையில் முதல் ஒன்றரை மணி நேரம் பட்டங்களைப் பற்றிக் கேட்டார்கள். எந்த நாட்டில் படித்தீர்கள், எத்தனை மொழி தெரியும், ஓய்வு நேரத்தில் என்ன செய்வீர்கள்! மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள்கூட இதைவிட உருப்படியாக நாலு கேள்வி கேட்பார்கள். கடைசியில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியையான ஓர் உறுப்பினர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கேட்டார்: "எரிஞ்சுபோன அந்தத் தொழிற்சாலையில கதவைப் பூட்டறாங்கன்னு உங்களுக்கு முன்னாடியே மனு வந்ததா?"

கல்வெட்டின் முறை அது. கேள்வியை எழுதினாள்.

"ஒரு துண்டுச் சீட்டுகூட வரலைங்க" என்றார் அவர், நெஞ்சில் கை வைத்து. "வந்திருந்தா நானே போய்ப் பூட்டை உடைச்சிருப்பேன். பாவம், அந்தப் பெண்களுக்கு எழுதப் படிக்கத் தெரியுமோ என்னமோ."

பென்சில் நின்றது. நாற்பத்தொரு கையெழுத்தும் அவள் கண்முன் வந்து நின்றன. முறை மாறும் மணி அடித்து, ரயில் அவள் தோளைத் தொட்டபோதுதான் சுயநினைவு வந்தது. குறிப்பேட்டில் கேள்விக்குக் கீழே வெறும் கோடுகள்.

மாலை ஆறு மணிக்குள் தட்டச்சுப் பிரதி போக வேண்டும். பிரிவு அதிகாரி இடைவெளியைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இதுக்கு ஏன் மேடம் முகத்தை இப்படி வச்சிருக்கீங்க? 'தெளிவாகக் கேட்கவில்லை'ன்னு போடுங்க. வழக்கமா போடறதுதானே? எல்லாருக்கும் நல்லது."

தெளிவாகக் கேட்கவில்லையாம்! இதைவிடத் தெளிவாக அவள் வாழ்நாளில் எதையும் கேட்டதில்லை. நினைவிலிருந்து அப்படியே எழுதிவிடலாம், ஒரு சொல் பிசகாது. ஆனால் குறிப்பில் இல்லாததைக் குறிப்பில் இருந்ததாக எழுதினால் அவளும் அந்த ஆளும் ஒன்றுதான். தட்டச்சு இயந்திரத்தை இழுத்துத் தட்டினாள்:

"இந்தப் பதில் தெளிவாகக் கேட்டது. சுருக்கெழுத்தாளர் எழுதத் தவறினார். கேள்வியில் சொல்லப்படும் மனுவைத் தட்டச்சு செய்தவர் அவரே. கேள்வியை மறுபடி கேட்குமாறு வேண்டுகிறார்."

"எழுதறவங்களுக்கு வாய் கிடையாது மேடம், விதி தெரியும்ல? வேலை போயிடும்."

"தெரியும் சார். அனுப்புங்க."

வீட்டில் தங்கை ஜன்னலோரம் சாய்ந்திருந்தாள்.

"வந்தானா... அந்த ஆளு?"

"வந்தான். நீங்க மனுவே குடுக்கலையாம்."

தங்கை சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, அடங்க வெகுநேரம் ஆனது. "என் கையிலதான்... வாங்கினான். பச்சைக்கல்... மோதிரம் போட்டிருந்தான். 'பாக்கறேன்மா'ன்னான்."

கல்வெட்டு பீரோ சாவியைத் தேடி அரிசி டப்பாவைத் திறந்தாள்.

"சாவி அங்கதான்னு... எனக்கு எப்பவோ தெரியும்க்கா" என்றாள் தங்கை. "நீயா திறக்கணும்னு... காத்திருந்தேன்."

அதைக் கேட்டபோது பதினொரு வருடக் கோபமும் தன் மேலேயே திரும்பியது. தலையணையில் முகம் புதைத்து அழுதாள். பிறகு நகலை எடுத்து மடிப்பு நீவி, கைப்பையில் வைத்தாள்.

மறுநாள் கேள்வியை மறுபடி கேட்டார்கள். ஓர் இரவில் பெரிய மனிதருக்கு ஞானம் பிறந்திருந்தது.

"எனக்கு நினைவில்லைன்னுதானே நேத்து சொன்னேன்? வேற மாதிரி சொன்னதா குறிப்புல இருக்கா?" என்று சிரித்தார்.

ஒன்பது பேரும் நேற்று அதே அறையில்தான் இருந்தார்கள். எட்டுப் பேர் மேஜையைப் பார்த்தார்கள். ஆசிரியை மட்டும் விடவில்லை. "அந்தம்மாவைக் கூப்பிடுங்க" என்றார்.

இருபத்தொன்பது வருடம் சுவரோரம் உட்கார்ந்தவள், முதல்முறையாக நடு நாற்காலியில் உட்கார்ந்தாள். எதிரே பச்சைக்கல் மோதிரம் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தது. சுவரோரம் ரயில், பென்சிலோடு.

"இது அந்த மனுவோட நகல். இது அவர் ஆபீஸ் முத்திரை. தேதி தீ பிடிக்கறதுக்கு மூணு மாசம் முன்னாடி" என்றாள் கல்வெட்டு. குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. மோதிரம் தட்டுவது நின்றது. "துண்டுச் சீட்டுகூட வரலைன்னு நேத்து நெஞ்சுல கை வச்சு சொன்னார். நான் கேட்டேன், நீங்க எல்லாரும் கேட்டீங்க. இதைப் பதினொரு வருஷம் பூட்டி வச்சது நான். அந்தத் தப்பையும் எழுதிக்கணும். பூட்டின கதவைக் கையால தட்டித் தட்டி எங்க வீட்டுப் பொண்ணுக்கு..."

பின்னால் பென்சில் ஓடும் சத்தம் நின்றிருந்தது. திரும்பிப் பார்த்தாள். ரயில் கண்ணில் நீர் வழிய, எழுதுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மனசால கேக்காதடி" என்று அதட்டினாள் கல்வெட்டு. "எழுது!"